ஊரைப் படிக்கச் சொன்ன பேராசிரியர்: கில்பர்ட் ஸ்லேட்டர்

தென்பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவிலூர் புலவர்க்குப் புதிய ஊரன்று. மலையமான் திருமுடிக்காரியின் ஊர். மெய்ப்பொருள் நாயனாரின் ஊர். முதலாழ்வார் மூவரும் ஓர் இடைகழியில் நெருக்குண்டு நின்றதாகச் சொல்லப்படும் ஊர். பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியை வீரட்டானத்துக் கல்வெட்டு ஒன்று முதலாம் இராசராசன் காலத்திலேயே பொறித்து வைத்திருக்கிறது. அரசரும் அடியாரும் புலவரும் இவ்வாறு கல்லிலும் ஏட்டிலும் இடம்பெற்ற சீமையில், ஏர் பிடித்தவன் என்ன கூலி பெற்றான், எவருக்கு என்ன கடன்பட்டான், அக்கடன் அவன் மகனை என்ன செய்தது என்பவற்றை எழுதி வைத்தவர் மிகச் சிலரே. அவ்வகையில் முறையாக எழுதப்பட்ட முதல் ஊர்க்கணக்கு ஒன்று, அக்காலத் தென்னார்க்காடு மாவட்டத்துத் திருக்கோவிலூர் வட்டத்தைச் சேர்ந்த இருவேல்பட்டில் 1916இல் எழுதப்பட்டது. எழுதியவர் கல்லூரி மாணவர் ஒருவர். எழுதச் சொன்னவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலப் பேராசிரியர். தமிழ்நாட்டுப் பொருளியலாரும் சமூகவியலாரும் இன்றும் மறவாது குறிப்பிடும் பெயர் அது. இலக்கிய அன்பர்கள் அவரை அவ்வளவாக அறியார்.

ஸ்லேட்டர் 1864இல் இங்கிலாந்தின் தென்மேற்குத் துறைமுக நகராகிய பிளிமத்தில் பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் புனித ஜான் கல்லூரியில் பயின்றார். கல்வியில் தேர்ந்தவர் பலரும் அரசுப் பணியையோ திருச்சபைப் பணியையோ நாடிய காலம் அது. இவர் மனமோ தொழிலாளர் இயக்கத்தின்பால் சென்றது. இலண்டனை அடுத்த வுல்விச் என்னும் படைக்கலத் தொழிற்சாலை நகரில் தொழிலாளர் கட்சி வேரூன்றிய ஆண்டுகளில் பொதுவாழ்வில் ஈடுபட்டு, 1905-06இல் அந்நகரின் மேயராகவும் விளங்கினார். நகராண்மைப் பொறுப்புக்கும் நூலாராய்ச்சிக்கும் இடையே அவர் சுவர் எழுப்பிக் கொள்ளவில்லை. ஒன்றில் கண்ட வினாவுக்கு மற்றதில் விடை தேடுவது அவர் இயல்பாக இருந்தது.

அவ்வாறு தேடிக் கண்டதே 1907இல் வெளிவந்த அவருடைய முதற்பெருநூல். ஆங்கில உழவர் குடிகளையும் பொதுவயல்கள் வேலியிட்டு அடைக்கப்பட்டதையும் பற்றியது அது. நம் நாட்டார்க்கு இச்செய்தியைச் சற்று விளக்குதல் தகும். ஆங்கில நாட்டு ஊர்களில் முற்காலத்தில் வயல்கள் தனித்தனி வேலிக்குள் அடங்கியிருக்கவில்லை. பெருவயல்கள் நீண்ட கீற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரு குடியானவனுக்கு இங்கொரு கீற்றும் அங்கொரு கீற்றுமாக நிலம் இருக்கும். அறுவடைக்குப் பின் ஊர் மாடுகள் யாவும் அவ்வயல்களில் மேயும். மேய்ச்சற் காடும் விறகும் ஊருக்குப் பொது. நம் ஊர்களில் மேய்க்காலும் மந்தைவெளியும் புறம்போக்கும் ஏழைக்கு எத்தகைய கைப்பிடியோ, அத்தகையது அது. பதினெட்டாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றம் ஊர்தோறும் தனித்தனிச் சட்டம் இயற்றி அப்பொதுநிலங்களைப் பிரித்து வேலியிட்டுக் கொடுத்தது. பெருநிலம் உடையவன் மேலும் உடையவனானான். ஒரு பசுவை ஊர்ப் புல்லில் வளர்த்து வந்தவன் கூலியாளானான்; பின்னர் நகரத்து ஆலைக்கு நடந்தான்.

இவ்வரலாற்றை ஸ்லேட்டர் சட்ட ஏடுகளைக் கொண்டு மட்டும் எழுதிவிடவில்லை. பொதுவயல் முறை அழியாது எஞ்சியிருந்த நாட்டிங்காம்சயர் லாக்ஸ்டன் முதலிய ஊர்களைக் குறித்துத் தனியே எழுதினார். எஞ்சியிருப்பதைக் கொண்டு மறைந்ததை உணர்த்தினார். ஊர் என்பது ஆவணத்திலும் இருக்கிறது, கண்முன்னும் இருக்கிறது என்னும் இந்த எண்ணமே பின்னர் அவரோடு சென்னைக்குக் கப்பலேறி வந்தது.

அதற்குமுன் அவர் வாழ்வில் ஒரு சிறு கல்லூரி குறுக்கிடுகிறது. அதன் கதையைச் சற்று விரித்தே கூறவேண்டும்.

ஆக்ஸ்போர்டு நகரில் 1899இல் ரஸ்கின் மன்றம் என்ற பெயரில் ஒரு கல்விச்சாலை தோன்றியது. அமெரிக்கராகிய சார்லஸ் பியர்டும் வால்ட்டர் விரூமனும் அதன் தோற்றுநர். ஜான் ரஸ்கின் பெயரால் அது வழங்கலாயிற்று. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் பழம்பெருங் கல்லூரிகளுக்கு அருகே இருந்தும் இது அவற்றுள் ஒன்றன்று. இங்குப் பயின்றோர் சுரங்கத் தொழிலாளர், இருப்புப்பாதை ஊழியர், நெசவாலைத் தொழிலாளர் போன்றோர். தொழிற்சங்கங்கள் பணம் கட்டி அவர்களை ஓராண்டு ஈராண்டு படிக்க அனுப்பின. மாணவர் தொகை ஐம்பது பேரளவே. சமையலும் துப்புரவும் மாணவர்களே முறைவைத்துச் செய்தனர். அங்கு அவர்கள் விரும்பிக் கேட்ட பாடங்களுள் ஒன்று சமூகவியல். கற்பித்தவர் முதல்வர் டென்னிஸ் ஹர்டு. முன்னாளில் சமய குருவாக இருந்து, கொள்கை வேறுபாட்டால் அத்துறையை விட்டு வந்தவர். மனித சமுதாயம் எவ்வாறு வளர்ந்தது, உடைமை எவ்வாறு தோன்றியது, ஒருவன் உழைக்க மற்றொருவன் உண்ணும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவர் பேசியபோது, கரி வெட்டிய கைகள் குறிப்பெழுதின.

இப்பாடம் எல்லாருக்கும் உவப்பாக இல்லை. கல்லூரியைப் பல்கலைக்கழகத்தோடு நெருங்கிப் பிணைக்கவேண்டும், அதன் தேர்வுகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்யவேண்டும் என்று கருதியோர் ஆட்சிக்குழுவில் இருந்தனர். அவ்வாறு பிணைத்தால் தொழிலாளி மகன் கனவானாக மாறி வீடு திரும்புவானேயன்றித் தன் வர்க்கத்துக்குப் பயன்பட மாட்டான் என மாணவர் பலர் அஞ்சினர். 1908இல் அவர்கள் பிளெப்ஸ் கழகம் என ஒன்றை அமைத்தனர். 1909 மார்ச்சு இறுதியில் ஹர்டு பதவி விலக்கப்பட்டார். மாணவர் விரிவுரைகளைப் புறக்கணித்து வேலைநிறுத்தம் செய்தனர். கல்விநிலைய வேலைநிறுத்தங்களின் வரலாற்றில் இது தனித்தன்மை உடையது. இவர்கள் தேர்வை ஒத்திப்போடச் சொல்லியோ விடுதிச் சோற்றைக் குறைகூறியோ கிளர்ந்தவரல்லர். தங்களுக்கு இன்னது கற்பிக்கப்பட வேண்டும், இன்னாரே கற்பிக்க வேண்டும் என்று கிளர்ந்தனர். அவ்வாண்டே மைய உழைப்பாளர் கல்லூரி என்னும் போட்டி நிறுவனத்தையும் தோற்றுவித்தனர்.

ஹர்டு விட்டுச் சென்ற நாற்காலியில் அமர்ந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர்.

இது அவருக்கு நல்வரவாக அமைந்திருக்க முடியாது. தொழிலாளர் கட்சி மேயராக இருந்தவர், ஏழை உழவனின் நிலம் பறிபோன கதையை எழுதியவர், தொழிலாளர் தம் ஆசானை இழந்து வெளியேறிய கல்லூரிக்குத் தலைவராக வந்தார். வெளியேறியோர் கண்ணில் அவர் மறுதரப்பினர். அவர் செயலை எளிதில் பழிக்கலாம். எளிதில் புகழவும் இயலும். ஒன்றுமட்டும் உறுதி. பூசலுக்குப்பின் கல்லூரியின் அமைப்பு விதிகள் மாற்றப்பட்டு, ஆட்சிக்குழு தொழிற்சங்கம், கூட்டுறவு முதலிய உழைப்பாளர் அமைப்புகளின் பிரதிநிதிகள் வசமாயிற்று. ஸ்லேட்டர் முதல்வராக இருந்த 1909 முதல் 1915 வரையிலான காலத்தில் கல்லூரி சிதறாது நின்றது. ஆனால் ஹர்டு தூண்டிய வினா அவரை விட்டுவிடவில்லை எனலாம். சமுதாயத்தைக் கற்பிப்பது என்றால் யாருடைய நூலைக் கற்பிப்பது? பல்கலைக்கழகத்தார் நூலையா, புரட்சியாளர் நூலையா? இவ்விரண்டுமல்லாத ஒரு விடையை அவர் ஆக்ஸ்போர்டில் கண்டாரில்லை. சென்னையில் கண்டார்.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. இளைஞர் களம் புகுந்தனர். ரஸ்கின் கல்லூரியில் மாணவர் தொகை அருகியது. அந்நிலையில் சென்னைப் பல்கலைக்கழகம் புதிதாக ஏற்படுத்தியிருந்த இந்தியப் பொருளியல் பேராசிரியர் பதவிக்கு ஸ்லேட்டர் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1915இல் சென்னை வந்து சேர்ந்தார். அப்பதவியின் முதற் பேராசிரியர் அவரே. அந்நாளில் சென்னையில் சமூகவியல் என்று தனிப்பாடம் இல்லை. பம்பாயில் பாட்ரிக் கெடஸ் அத்துறையை ஏற்றது 1919இல்தான். பொருளியல் பாடமோ இலண்டன் நூல்களைக் கொண்டு நடந்தது. மான்செஸ்டர் ஆலையின் கூலிக் கோட்பாட்டைத் தஞ்சை மாணவன் நெட்டுருச் செய்து ஒப்பித்தான். தன் தந்தையின் பண்ணையில் நெல்லாக அளக்கப்படும் கூலியைப் பற்றி எவரும் அவனைக் கேட்டதில்லை.

ஸ்லேட்டர் கேட்டார். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் கையில் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்தார். ஊரில் எத்தனை குடி, எந்தெந்தச் சாதி, நிலம் யார் யாரிடம் எவ்வளவு, பாசனம் ஏரியா கிணறா ஆற்றுக்காலா, பயிர் என்ன, விளைவு என்ன, கூலி பணமா தானியமா, கடன் யாரிடம் என்ன வட்டிக்கு, கைத்தொழில் எவை, ஊரைவிட்டுப் போனவர் எங்குப் போனார் எனப் பலவும் அவ்வினாக்களில் அடங்கும். கேட்பதற்கு எளியவை. விடை காண்பதற்கோ கர்ணத்தின் கணக்கும் வேண்டும், சேரிவரை நடக்கும் கால்களும் வேண்டும். பேராசிரியர் தாமும் ஊர்களுக்குச் சென்று பார்த்தார். எனினும் பிறநாட்டார் ஒருவர்க்கு ஊர் தன் வாயிலை ஓரளவே திறக்கும். உள்ளே சென்று வர மாணவரே அவர்க்குக் கண்ணும் காலும் ஆயினர்.

இவ்வாறு தொகுத்தவை 1918இல் தென்னிந்திய ஊர்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக, சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் ஆய்வு வரிசையின் முதல் தொகுதியாக வெளிவந்தன. தமிழ்நாட்டு ஊர்கள் ஐந்து அதில் இடம்பெற்றன: இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலிச் சீமைக் கங்கைகொண்டான், தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, வடார்க்காட்டுத் தூசி, தென்னார்க்காட்டு இருவேல்பட்டு. ஆங்கில ஏட்டில் கடைசி ஊரின் பெயர் எருவெல்லிப்பேட்டை என்று படிக்கும்படி சிதைந்து கிடக்கிறது. மலையாள, தெலுங்கு நாட்டு ஊர்களும் உடன் உள. ஏறக்குறைய இதே வேளையில் புனேவை அடுத்த ஊரொன்றை ஹெரால்டு மான் ஆராய்ந்து 1917இல் நூலாக்கினார். மான் துறைவல்லுநர், தம் துணைவரோடு தாமே ஆய்ந்தார். ஸ்லேட்டரோ இருபது வயது இளைஞரை நம்பினார். ஆய்வின் நுட்பத்தில் மான் நூல் மேம்பட்டதாகலாம். ஒரு தலைமுறை மாணவரை ஊர்முகமாகத் திருப்பியது ஸ்லேட்டர் நூலே.

இருவேல்பட்டுக் கட்டுரைக்கு வருவோம். திருவெண்ணெய்நல்லூரை அடுத்துள்ள அவ்வூரில் நிலத்தின் பெரும்பகுதி ரெட்டியார் குடும்பம் ஒன்றன் ஆதிக்கத்தில் இருந்தது. வன்னியரும் தாழ்த்தப்பட்டோரும் உழைப்பாளர். கட்டுரையை எழுதிய மாணவர் நிலவுடைமைக் குடும்பத்தவர். அதாவது தம் வீட்டுக் களத்தில் நெல் அடித்தவரைப் பற்றியே அவர் கணக்கெழுத நேர்ந்தது. அங்குதான் படியாள் என்னும் சொல் வருகிறது. படியளந்து கூலி பெறுபவன் என்பது சொற்பொருள். வாழ்க்கைப் பொருளோ வேறு. திருமணச் செலவுக்கோ பிற தேவைக்கோ ஒருவன் பண்ணையாரிடம் சிறுதொகை கடன் வாங்குகிறான். அது தீர்வதில்லை. தந்தை பட்ட கடன் மகன் தலையில் இறங்குகிறது. நிலம் கைமாறினால் அதனோடு படியாளும் கைமாறுகிறான். அடிமை முறையைச் சட்டம் 1843இலேயே கைவிட்டிருந்தது. எனினும் கடன் என்ற பெயரில் அது வயலில் தொடர்ந்து நின்றதை இவ்வாய்வு அச்சில் ஏற்றியது.

இதில் வியப்புக்கும் ஐயத்துக்கும் ஒருங்கே இடமுண்டு. பண்ணையார் வீட்டுப் பிள்ளை அடிமைத்தளையை மறைக்காமல் எழுதினான் என்பது வியப்பு. பண்ணையார் வீட்டுப் பிள்ளையிடம் படியாள் எவ்வளவு சொல்லியிருப்பான் என்பது ஐயம். வினாப்பட்டியலுக்கு விடைகூறிய படியாள் கைகட்டி நின்று கூறியிருப்பான். கேட்டவன் திண்ணையில் அமர்ந்து எழுதியிருப்பான். ஸ்லேட்டரின் முறை இக்குறையை நீக்கவில்லை. நீக்க இயலும் என்று எதிர்பார்ப்பதும் மிகை. ஆனால் ரஸ்கின் கல்லூரியில் சுரங்கத் தொழிலாளி தன் நிலையைத் தானே ஆராயப் புறப்பட்டான் என்பதையும், திருக்கோவிலூர் வட்டத்துப் படியாளுக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பதையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் ஸ்லேட்டரின் பணியை மதிப்பிட முடியாது. சென்னையில் அவருக்குக் கிடைத்த மாணவர் நிலமுடையோர் மக்கள். அவர்களைக் கொண்டு எவ்வளவு உண்மையை வெளிக்கொணர முடியுமோ அவ்வளவை அவர் வெளிக்கொணர்ந்தார்.

தம் ஊரைத் தாமே ஆராயும் வழி பிற இடங்களிலும் பின்னர்ப் பரவிற்று. தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா குஜராத் வித்யாபீடத்து மாணவர்களை அழைத்துக்கொண்டு மாதர் வட்டத்து ஊர்களை ஆராய்ந்து 1931இல் வெளியிட்ட அறிக்கை புகழ்பெற்றது. அவருக்கு ஸ்லேட்டர் முன்மாதிரியா என்பது வேறு செய்தி. சிறு கல்லூரியும் மாணவரும் வினாப்பட்டியலும் கூடினால் என்ன செய்யலாம் என்பதற்கு இரண்டும் சான்று.

ஸ்லேட்டர் 1921வரை பேராசிரியராக இருந்தார். பின்னர்ச் சிறிது காலம் சென்னைச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராகவும் அமர்ந்தார். நீதிக்கட்சியின் முதல் அமைச்சரவைக் காலம் அது. தமிழரின் பழமையில் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு உண்டாயிற்று. தாயகம் திரும்பிய பின் 1924இல் இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு என்னும் பொருளில் நூலொன்று வெளியிட்டார். இந்திய நாகரிகத்தின் உயர்ந்தன யாவும் வடக்கிலிருந்து வந்தன என்ற கருத்து மேலோங்கியிருந்த நாளில், அதன் அடித்தளம் திராவிடருடையது என வாதிட்ட நூல் அது. அவ்வாண்டிலேயே சர் ஜான் மார்ஷல் சிந்துவெளி நாகரிகத்தின் கண்டுபிடிப்பை உலகறியச் செய்தார் என்பது இனிய ஒருமிப்பு. எகிப்திலிருந்து கடல்வழியே நாகரிகம் பரவியதென்னும் அக்காலக் கோட்பாட்டின் சாயலை அந்நூலில் காணலாம். அப்பகுதி இன்று நிற்காது. தமிழர்க்கு உவப்பான நூல் என்பதற்காக அதன் குறையை மறைக்க வேண்டுவதில்லை.

முதுமையில் அவர் எழுதிய நூல்களுள் ஒன்று புலவர் பெருமக்களுக்கு நகை விளைக்கக் கூடும். 1931இல் வந்த அந்நூலில் சேக்ஸ்பியர் ஒருவரல்லர், எழுவர் என்று நிறுவ முற்பட்டார். ஆங்கில அறிஞருலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஒளவையார் ஒருவரா பலரா என்று நெடுங்காலம் ஆராய்ந்து, பலரே என ஏறத்தாழ உடன்பட்டுவிட்ட தமிழ்நாட்டில் அவர் ஆறாண்டு வாழ்ந்ததன் விளைவோ இது என்று எண்ணத் தோன்றும்! அவ்வெண்ணத்துக்குச் சான்று ஏதுமில்லை. கணக்கும் கூலியும் எழுதிய கை இலக்கியத்திலும் விளையாடிப் பார்த்தது என்ற அளவில் கொள்க.

1936இல் தென்னிந்தியாவின் அரசியல், பொருளியல் சிக்கல்களைப் பற்றிய அவர் நூல் வெளிவந்தது. சென்னை நாள்களின் நினைவுகளும் அதில் உள. அந்த 1936-37இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பின் பேராசிரியராயிருந்த பி.ஜே. தாமஸ், கே.சி. இராமகிருஷ்ணனோடு சேர்ந்து, அவ்வைந்து தமிழ் ஊர்களையும் மீண்டும் ஆராயச் செய்தார். இருபது ஆண்டுகளில் ஊர் எவ்வளவு மாறியது என்று அளந்துபார்ப்பதற்கு அடிக்கோல் ஒன்று கிடைத்திருந்தது, அதனைப் பயன்படுத்தினர். மறுஆய்வு நூல் 1940இல் அச்சேறியது. ஸ்லேட்டர் அதனைக் காணவில்லை. 1938இல் தம் எழுபத்து நான்காம் வயதில் அவர் காலமானார்.

ஆய்வு அதனோடு நிற்கவில்லை. 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1981இல் தமிழக அரசின் நிதித்துறையில் புகழ்பெற்ற எஸ். குகனும் அமெரிக்க மானிடவியலார் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டைத் தனியே எடுத்துக்கொண்டு ஆராய்ந்து 1983இல் எழுதினர். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் மீண்டும் அங்குச் சென்று, 2010இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ஐந்து முறை எழுதப்பட்ட ஊர்கள் இந்தியாவில் மிகச் சிலவே. இடையில் 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது; பம்புசெட்டுகளும் பேருந்துகளும் வந்தன; இளைஞர் வெளியூர் வேலைக்குச் சென்றனர். பண்ணைக் குடும்பத்தின் பிடி தளர்ந்ததையும், தலித் மக்கள் அப்பண்ணையையே நம்பி வாழும் நிலையிலிருந்து பெரிதும் விடுபட்டு அரசியலில் தலைநிமிர்ந்ததையும் 2008ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இருவேல்பட்டு இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. திருக்கோவிலூர் 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. 1916இல் அம்மாணவர் எந்தப் படியாளிடம் எதைக் கேட்டு எழுதினாரோ, அவன் பெயர் மட்டும் எந்த ஆய்விலும் இல்லை.